மூன்றாம் கட்டத்தில் ஒரு பெயர்

எனக்கு ஆபிரகாம் பழக்கமானது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில். கோயில் ஆராதனை முடிந்து, கறியும் சோறும் தின்று, கை கழுவின ஈரம் காய்வதற்குள் கண் சொருகும் நேரம். தாராவியில் எங்கள் அறை மாடியில் இருந்தது. இரும்பு ஏணியில் ஏறி வரவேண்டும். கீழே ஜீன்ஸ் தைக்கிற கார்கானா. மற்ற ஆறு நாளும் மிஷின்களின் அதிர்வு தரை வழியாக ஏறி முதுகுக்குள் ஓடும். ஞாயிறு மட்டும் அது நின்றுவிடும். தகரக் கூரை வெயிலில் விரிந்து டக், டக் என்று சொடுக்கிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு நடுவே சித்தப்பா வேதம் வாசிப்பார்.

அவர் என் அப்பாவின் தம்பி அல்ல. அப்பாவோடு ஒரே கார்கானாவில் வேலை பார்த்து, ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு நெருக்கியடித்துப் படுத்த சிநேகிதர். எனக்கு இரண்டு வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிறகு அம்மா இவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சந்தில் யாரோ ‘உங்க சித்தப்பா’ என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. அவரும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அவருடைய தமிழ் வாசிப்பு அரைகுறைதான். நாலாம் வகுப்புவரை இந்திப் பள்ளி. தமிழ் எழுத்து எல்லாம் கடைப் பலகையிலிருந்தும் கோயில் நோட்டீஸிலிருந்தும் பொறுக்கினது. கதை வருகிற அதிகாரங்களுக்குப் போனால் வாக்கியங்கள் வளைந்து வளைந்து அவரை விழுங்கிவிடும். அதனால் அவர் மத்தேயுவின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபிரகாமில் தொடங்கி இயேசுவரை வருகிற வம்ச வரலாறு. எல்லா வாக்கியமும் ஒரே அச்சு: இன்னார் இன்னாரைப் பெற்றான். பெயர் மட்டும் மாறும். அதிலும் ஒவ்வொரு பெயரும் இரண்டு தடவை வரும், முதலில் பிள்ளையாக, அடுத்ததில் தகப்பனாக. முதல் தடவை தடுக்கி விழுந்த பெயரிலேயே இரண்டாம் தடவை ஏறி நின்றுகொள்ளலாம். விரலை வைத்து, உதட்டை ஈரப்படுத்தி, “எஸ்...ரோம்” என்று அவர் தயங்கி, அடுத்த வரியில் “எஸ்ரோம்!” என்று நிமிரும்போது எனக்கு ஏதோ மழை விட்டது போலிருக்கும்.

ரெகொபெயாமைத் தாண்டி நான் விழித்திருந்ததே கிடையாது. சொருகுகிற கண்ணுக்குள் அந்தப் பெயர்கள் எழுந்து நடக்கும். பாரேஸ் கையில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருக்கும். அம்மினதாப், நகசோன், சல்மோன் எல்லோரும் எங்கள் சந்துத் தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்பார்கள். ஒருவர் பின்னால் திரும்பி, ‘எனக்கு அடுத்து நீதானே?’ என்று கேட்பார். அவர் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் இன்னொருவர். வரிசையின் கடைசி எங்கே என்று எட்டிப் பார்ப்பேன். வெயில் கூசும். தூங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிறு சித்தப்பா என்னை உலுக்கி எழுப்பினார். எனக்குப் பத்து வயதிருக்கும்.

“ஏட்டி, எழும்பு. இதை எண்ணு.”

“என்னத்த?”

“மூணு கட்டாப் பிரிச்சிருக்கு. கட்டுக்குப் பதினாலு தலைமுறைன்னு கீழ போட்டிருக்கு. நான் எண்ணிப் பாத்துட்டேன். கடைசிக் கட்டுல பதிமூணுதான் நிக்கி.”

“நீங்க ஒண்ணை விட்டிருப்பீங்க.”

“நான் விடுவனா? காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பீஸ் எண்ணுத ஆளு நான்.” அப்போது அவர் கட்டிங் மாஸ்டராகியிருந்தார். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே காகிதப் படிவத்தை வைத்து வெட்டுகிற வேலை. ஒரு காலர் குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

அம்மா மூலையில் படுத்தபடியே சொன்னாள்: “பைபிளுக்குள்ள போயி பீஸ் எண்ணுதது உலகத்துலயே இவரு ஒருத்தர்தான்.”

நான் எண்ணினேன். இரண்டாம் கட்டை முடித்துவைக்கிற எகொனியாவை அந்தக் கட்டிலேயே விட்டுவிட்டால் பதிமூன்றுதான். இரண்டு தடவை எண்ணினேன். பதிமூன்று. சித்தப்பாவுக்கு வருத்தமும் இல்லை, வெற்றியும் இல்லை. வேதத்தை மூடிக்கொண்டு, “ஒரு இடம் காலியா இருக்கும்போல” என்றார், பஸ்ஸில் சீட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

என் கிறுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதை விடத் தெரியாது. காலேஜில் மற்றவர்கள் என்னென்னவோ பார்த்துக்கொண்டிருக்க, நான் மொபைலில் வம்சப் பட்டியல்களைத் துழாவினேன். மத்தேயு ஆபிரகாமில் தொடங்கிக் கீழே இறங்குகிறார். லூக்கா இயேசுவில் தொடங்கி மேலே ஏறுகிறார், ஆதாமைத் தாண்டிக் கடவுள்வரை போய்த்தான் மூச்சு விடுகிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களை மத்தேயு காணாமலடித்திருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் அசரவேயில்லை. “அளவுக்கு வெட்டிச் சேத்திருக்காரு. தையல் வெளிய தெரியல, பாத்தியா?” என்றார்.

பட்டியல் என்றால் வெறும் பெயர்கள் இல்லை என்பதை எஸ்றா புத்தகம்தான் எனக்கு நெஞ்சில் குத்திக் காட்டியது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த சில ஆசாரியக் குடும்பங்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. அட்டவணையில் இல்லாததால் அவர்களை ஊழியத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். தாராவிக்காரிக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். வீட்டைக் கணக்கெடுக்க ஆட்கள் வரும்போதெல்லாம் பிளாஸ்டிக் கவரிலிருந்து ரேஷன் கார்டு, பழைய லைட் பில், யாருடைய மரணச் சான்றிதழோ எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ‘இருக்கோம் சார், இதுல இருக்கோம்’ என்று விரலால் காட்டுகிற மனிதர்களுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன்.

என் காகிதங்களில் ஒரு விசேஷம் உண்டு. அது நடந்தது எனக்கு ஐந்து வயதில், பள்ளியில் சேர்க்கிற அன்று.

மும்பையில் ஒரு ஆளுடைய பெயர் என்பது மூன்று கட்டம். முதல் கட்டத்தில் தன் பெயர், நடுக் கட்டத்தில் அப்பா பெயர், மூன்றாம் கட்டத்தில் குடும்பப் பெயர். நமக்கோ பெயரும் ஒரு இனிஷியலும்தான். பள்ளிக் கவுண்டரில் சித்தப்பா என் பெயரைச் சொன்னார். நடுக் கட்டத்துக்கு என் செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொன்னார். தன் பெயரைச் சொல்லியிருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். பக்கத்தில் நிற்கிற ஆள்தான் அப்பா என்று கிளார்க்கே நினைத்திருப்பார். சித்தப்பா அப்படிச் செய்யவில்லை. மரணச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். பிறகு கிளார்க் மூன்றாம் கட்டத்தைப் பேனாவால் தட்டி, “சர்நேம்?” என்றார்.

“நம்மள்ல அது கிடையாது சாப்.”

“காலி நஹீ சலேகா.” காலியாக விடக் கூடாதாம். பின்னால் வரிசை நெளிந்தது. கிளார்க் கேட்டார், இவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான்தான், என்றார் சித்தப்பா. உம்முடைய பெயர் என்ன? சொன்னார். கிளார்க் அதைத் தூக்கி மூன்றாம் கட்டத்தில் போட்டு, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து நான் மூன்று பேராக ஆனேன். என் பெயர், நடுவில் இறந்தவர் பெயர், கடைசியில் வளர்த்தவர் பெயர். பள்ளி ஐடி, ஆதார், பான் கார்டு, வாஷி ஆபீஸுக்கு நான் கழுத்தில் தொங்கவிட்டுப் போகிற அட்டை, எல்லாவற்றிலும் அப்படித்தான். ஆபீஸில் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சித்தப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு ‘மிஸ்’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஏசி அறையில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தாராவிக் கட்டிங் மாஸ்டர் ஒருவரை ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள், நான் எழுந்து போகிறேன்!

அவருக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. பள்ளியில் நடந்ததை ஒரு வாரம் அம்மாவிடமே சொல்லாமல் வைத்திருந்தாராம். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போடும்போது என் முழுப்பெயர் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போடுவார். நான் அதைக் கவனித்ததுண்டு. ஏனென்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

வாஷிக்குப் போகிற ஹார்பர் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் பழைய தூக்கம் வரும். குர்லா திலக் நகரைப் பெற்றது, திலக் நகர் செம்பூரைப் பெற்றது, செம்பூர் கோவண்டியைப் பெற்றது, கோவண்டி மான்குர்தைப் பெற்றது. அதற்குப் பிறகு கழிமுகப் பாலம், தண்ணீர், எதையும் பெறாத ஒரு வெளிச்சம். ஒரு நாள் கோவண்டி பெற்ற பையன் ஒருவன் எதிர் சீட்டில் உட்கார்ந்து, மத்தேயுவையும் லூக்காவையும் பக்கம் பக்கமாக எழுதி என் மடியில் விரித்திருந்த அட்டவணையைத் தலைகீழாகவே வாசித்து, “சொரொபாபேல் ரெண்டு பக்கமும் வர்றாரே!” என்றான். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். ஓலை என்றால் இன்றைக்கு வெறும் தாள்தான், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் சபைக்கு முன்னால் வாசிப்பார். எங்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குச் சபைக் குருதான் ஐயர். அந்தத் தாளில் பெயரை ஆதாரில் இருக்கிறபடியே எழுதவேண்டும், இல்லாவிட்டால் பதிவில் குழப்பம் வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெண் வீட்டார் ஃபாரத்தை எழுதித் தரவேண்டியது சித்தப்பாவின் பொறுப்பு.

முதல் ஓலைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆபீஸ் முடிந்து வந்த என்னை அவர் கார்கானாவுக்குள் கூப்பிட்டார். சாயங்காலம், மிஷின்கள் அப்போதுதான் நின்றிருந்தன. வெட்டு மேஜையின் மேல் ஒரு முத்திரைத்தாள். செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டிடம் டைப் அடித்து வாங்கியிருந்தார். என் மூன்றாம் கட்டத்துப் பெயர் தவறுதலாகச் சேர்ந்தது, இனி நான் முதல் இரண்டு பெயர்களால் மட்டுமே அறியப்படுவேன் என்று நானே உறுதி சொல்லுகிற பிரமாணம். கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

“இதுல ஒரு கையெழுத்து போடு, பிள்ள. ஏஜெண்டு ஒரு வாரத்துல ஆதார்லயும் மாத்திக் குடுத்துருவான்.”

“எதுக்கு?”

“எதுக்கா? கோயில்ல வாசிப்பாங்கல்லா. உங்க அப்பாவைத் தெரிஞ்ச ஆளுக பாதிப் பேரு அங்க உக்காந்திருப்பாங்க. அவன் பிள்ளைக்கு வால்ல என் பேரு தொங்குச்சுன்னா நல்லாவா இருக்கும்? அவன் வீட்டு வாசல்ல நான் போர்டு மாட்டின மாதிரி.”

“இருபது வருஷத்துக்கு மேல தொங்குதே.”

“அது சர்க்கார் காகிதத்துல. இது கோயில்.” கத்தரிக்கோலை எடுத்து ஓரமாக வைத்தார். “நான் கேட்டு வாங்கின பேரு இல்லட்டி அது. ஒருத்தன் கட்டத்தை ரொப்பினான், நான் பேசாம நின்னுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

கையெழுத்துப் போட முடியாது என்று கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகத் திருடாத ஒன்றைத் திருடியதாக நினைத்து ஒளித்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அதைக் கத்தித் தடுக்க முடியாது. கட்டைவிரலால் என் பெயரை மறைத்துப் போட்ட அந்தக் கையெழுத்துகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. நான் ஏணியில் ஏறி, பரண்மேலிருந்து என் சுருளை எடுத்து வந்தேன்.

அவர் கொடுத்த பழுப்புக் காகிதம்தான். பேன்ட் கால்களும் பாக்கெட்டுகளும் வரைந்து மிச்சமான நீள ரோல். அதன் முதுகில் இரண்டு பட்டியல்களையும் வரைந்து வைத்திருந்தேன், மத்தேயு சிவப்பு மை, லூக்கா நீலம். மேஜை முழுக்க விரித்தபோது அவர் கை தானாகவே வந்து சுருக்கத்தை நீவியது.

“இங்க பாருங்க. தாவீதுவரைக்கும் ரெண்டும் ஒரே லைன். அப்புறம் பிரியுது. சலாத்தியேல்ட்ட சேருது, மறுபடி பிரியுது. கடைசியில யோசேப்புட்ட வந்து சேருது. குர்லால லைன் சேந்து பிரியுற மாதிரி.”

“ம்.”

“இப்ப யோசேப்போட அப்பா யாரு?”

சிவப்பில் விரலை வைத்து வாசித்தார். “யாக்கோபு.”

“நீலத்துல?”

நேரமெடுத்தது. “ஏ...லி.” நிமிர்ந்தார். “எந்த ஊருல ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பன்?”

“யோசேப்புக்கு! ஏன்னு பழைய காலத்துல இருந்து மண்டையை உடைச்சிக்கிறாங்க. ஒரு விளக்கம் சொல்லுறாங்க. அந்தக் காலத்துல ஒருத்தர் பிள்ளை இல்லாமச் செத்துட்டா, அவரோட பொண்டாட்டியை அவரு சகோதரன் கட்டிக்கணும். பிறக்கிற பிள்ளை செத்தவரு பேரைச் சொல்லணும். ஒரு அப்பா ரத்தத்துக்கு, ஒரு அப்பா பேருக்கு. நீங்க அதைத்தானே செஞ்சீங்க? நடுக் கட்டத்துல அவரு பேரைக் காப்பாத்துனது யாரு?”

“நான் தம்பி இல்லியே.”

“சித்தப்பான்னுதானே கூப்பிடுறேன்!”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் விடவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. “இன்னும் கேளுங்க. இவ்வளவு பேரையும் வரிசையாக் கூட்டிட்டு வந்து, யோசேப்பு கையில விட்டதும் மத்தேயு என்ன செய்றாரு? ‘பெத்தான்’னு எழுதல. மரியாளோட புருஷன்னு மட்டும் எழுதுறாரு. லூக்காவும் யோசேப்பை அப்பான்னு ஊர் நினைச்சுதுங்கிறதோட நிறுத்திக்கிறாரு. அப்படீன்னா இந்த மொத்த வரிசையும் பெக்காத ஒரு ஆளு தோள்லதான் வந்து இறங்குது. தாவீது வம்சம்னு சொல்லுறமே, அது யோசேப்பு வழியா வந்ததுதானே? பிள்ளைக்குப் பேரு வைன்னு தேவதூதன் யோசேப்புட்டதானே சொன்னான்?”

சித்தப்பா சிவப்புக் கோடும் நீலக் கோடும் சேருகிற முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே சந்தில் யாரோ மீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“இவரு எழுதுனதும் அவரு எழுதுனதும் ஒத்துப்போவல,” என்றார் கடைசியில். “அப்ப ஒண்ணை அடிச்சிருக்கணும்லா?”

“அடிக்கலியே சித்தப்பா. ரெண்டையும் வச்சிருக்காங்க. எவ்வளவு கேலி பேசியிருப்பாங்க, எவ்வளவு கேள்வி கேட்டிருப்பாங்க! ஒருத்தரும் ஒரு பேரை அடிக்கல.”

நான் பேனாவை எடுத்து, முத்திரைத்தாளில் கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டேன். அவர் திடுக்கிட்டார்.

“இந்தாங்க. உங்க பேரு, உங்க இஷ்டம். அழிக்கணும்னா ஏஜெண்டுட்ட குடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன். இது என்ன பைத்தியக்காரத்தனம்? தருகிறேன் என்றால் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி, என் பெயரையே பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்டால்?

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

“உனக்குக் கொழுப்பு,” என்றாள். “அவரு அழிச்சிட்டு வந்து நிக்கப்போறாரு, அப்ப தெரியும்.”

“அம்மா, நீயாச்சும் சொல்லேன்.”

“நான் என்ன சொல்ல? ரெண்டு பேரு பேரும் என் கார்டுல மாறி மாறி வந்தாச்சு. எனக்குக் கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை.” கருவாட்டை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “ஆஸ்பத்திரியில உங்க அப்பா கடைசியாக் கேட்டது, பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல போடப்போறேன்னு. உனக்கு ரெண்டு வயசு. நான் அழுதுட்டு இருந்தேன். பதில் சொன்னது இவருதான்.”

அடுத்த பத்து நாளும் நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே என் ஆபீஸ் அட்டையைப் பார்ப்பார், பிறகு சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் மாட்டுங்காவில் பட்டுச்சேலை எடுக்கப் போனோம். பூக்கடைகளைத் தாண்டி நடக்கையில் சட்டென்று நின்று, “அந்த ஏலிங்கிறவரு, அவரைப் பத்தி வேற எங்கயும் போட்டிருக்கா?” என்று கேட்டார். இல்லை, பெயர் மட்டும்தான், என்றேன். “பேரு மட்டும்,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தார். ஆபீஸில் என் வேலையே பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்த்து, இரட்டைப் பதிவுகளைத் தேடி நீக்குவது. அந்த வாரம் எந்தப் பெயரை அழித்தாலும் விரல் கூசியது.

முதல் ஓலை ஞாயிறு. கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். சித்தப்பா எப்போதும் கடைசிக்கு முந்தின பெஞ்சில், மின்விசிறிக்கு நேர்கீழே. அன்றைக்கும் அங்கேதான். வெள்ளைச் சட்டை, தானே வெட்டியது. ஃபாரத்தை அவர்தான் எழுதி முந்தின நாள் ஐயரிடம் கொடுத்திருந்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவே நடைபாதையும் முழுச் சபையும் இருந்தன. ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து, தூசி மெல்ல மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. என் கண் சொருக ஆரம்பித்தது. பயம் முற்றினால் எனக்குத் தூக்கம் வரும். குழாயடி வரிசை வந்தது. நீல வாளிகள். போவாஸ், ஓபேத், ஈசாய். ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். வரிசையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

“திருமண அறிவிப்பு,” என்றார் ஐயர்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

முதலில் கோவண்டிப் பையன், அவன் தகப்பனார், அவர்கள் சபை. பிறகு என் பெயர். பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர். ஐயர் ஒரு கணம் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். சித்தப்பாவின் கையெழுத்து அப்படி. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கும்.

மூன்றாவது பெயரை வாசித்தார்.

அதற்குப் பிறகு ‘இன்னாருடைய குமாரத்தி’ என்று அப்பாவின் பெயர் மறுபடியும் வந்தது. அப்பா இரண்டு தடவை, சித்தப்பா ஒரே ஒரு தடவை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார் ஐயர். பின்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் திரும்பி வலப்பக்கம் பார்த்தேன். சித்தப்பா குனிந்திருந்தார். உதடு அசைந்தது, விரல் தொடையின் மேல் ஒரு வரியைத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. கேட்ட பெயரைத் தனக்குள்ளே எழுத்துக்கூட்டி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தார்.

வெளியே செருப்புகளைத் தேடுகையில் அப்பாவைத் தெரிந்த ஒரு பெரியவர் வந்து சித்தப்பாவின் தோளைத் தட்டி, “என்னடே, பேரெல்லாம் பெருசா வாசிக்காங்க!” என்றார். சித்தப்பா, “ஆதார்ல உள்ளபடிதான் எழுதணும்னு ஐயர் சொல்லிட்டாரு, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, ரொம்ப மும்முரமாகச் செருப்பை மாட்டினார்.

வீட்டுக்கு வந்து, கறியும் சோறும் தின்று, நான் தரையில் சாய்ந்தேன். கூரை டக், டக் என்றது. அவர் வேதத்தைத் தொடையில் வைத்துத் திறந்தார். மத்தேயுவின் முதல் பக்கத்தில் அந்த முத்திரைத்தாள் நாலாக மடிந்து கிடந்தது. என் கையெழுத்தின் வால் மட்டும் வெளியே தெரிந்தது. அதை எடுத்துப் பார்த்தார், கிழிக்கவில்லை. பக்க அடையாளமாக மறுபடியும் அங்கேயே செருகினார்.

“ஐயர் சட்டுன்னு வாசிச்சிட்டாரு,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “கொஞ்சம் நிறுத்தி வாசிச்சிருக்கலாம்.”

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இன்னும் ரெண்டு ஓலை இருக்குல்லா. அடுத்த வாரம் முன்னாடி பெஞ்சில போயி உக்காரும்.”

அவர் விரலை முதல் பெயரில் வைத்தார்.